நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள்

வெளிநாட்டுக்குப் போன பெண் முடி வெட்டிக்கொள்ளும் காட்சி, கதை சொல்பவர்களுக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று. கத்தரியின் ஓசை கேட்கும். நீளமான கூந்தல் தரையில் விழும். கண்ணாடியில் ஒரு புதுமுகம் தெரியும். இனி இவள் பழைய பெண் இல்லை, விடுதலை அடைந்துவிட்டாள் என்று நமக்குச் சொல்லப்படும். நாமும் மகிழ்ந்து போவோம். நீளமான கூந்தலைக் கற்போடும் குடும்ப கௌரவத்தோடும் சேர்த்துப் பின்னி வைத்திருக்கும் சமூகத்திலிருந்து வருகிற நமக்கு அந்தக் காட்சி இனிக்காமல் இருக்குமா?

ஆனால் அந்தக் காட்சியில் நாம் கேட்க மறந்துபோகிற கேள்விகள் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார யாருக்கு இடம் கிடைக்கிறது? கத்தரியோ சீப்போ பிடித்துப் பின்னால் நிற்பவர் யார்? வேலை முடிந்ததும் இருவரும் எங்கே போகிறார்கள்? அறுபது ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு படைப்புகளை இந்தக் கேள்விகளோடு அணுகலாம். ஒன்று, 1953இல் வில்லியம் வைலர் இயக்கிய ‘ரோமன் ஹாலிடே’ திரைப்படம். மற்றொன்று, நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா என்கோசி அடிச்சி 2013இல் வெளியிட்ட ‘அமெரிக்கானா’ நாவல்.

‘ரோமன் ஹாலிடே’ பார்த்தவர்கள் அந்த முடி வெட்டும் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டின் இளவரசி ஆன், அரசுமுறைப் பயணமாக ரோம் நகரத்துக்கு வருகிறாள். எங்கே நிற்பது, யாரிடம் என்ன பேசுவது என்று ஒவ்வொரு நிமிடத்தையும் மற்றவர்கள் தீர்மானிக்கும் வாழ்க்கை அவளுடையது. ஓர் இரவு தப்பித்து வெளியேறுகிறாள். மறுநாள் கையில் இருப்பது பத்திரிகையாளன் ஜோ கடனாகக் கொடுத்த ஆயிரம் லிரா மட்டுமே. அந்தப் பணத்தில் அவள் செய்கிற முக்கியமான காரியம், ட்ரெவி நீரூற்றுக்கு அருகே இருக்கும் ஒரு கடைக்குள் நுழைந்து முடியை வெட்டச் சொல்வதுதான். மரியோ என்ற முடிதிருத்துபவருக்கு மனசு வரவில்லை. இவ்வளவு போதுமா, இன்னும் வெட்டவா என்று மறுபடி மறுபடி கேட்கிறான். அவள் இன்னும் மேலே, இன்னும் மேலே என்று காட்டிக்கொண்டே போகிறாள். ஆட்ரி ஹெப்பர்னுக்கு ஆஸ்கர் விருது வாங்கித்தந்த இந்தப் படத்தில், அந்தப் பெண் தன் உடல் குறித்துத் தானே எடுக்கும் முதல் முடிவு அது. அதன் இனிமையை நான் மறுக்கவில்லை.

இருந்தாலும் அந்தக் கடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரோம் அவளுக்கு அந்நிய நகரம்தான், ஆனால் அந்த நாற்காலி அவளுக்கு அந்நியமானதல்ல. மரியோவின் கை பழகியது அவளுடையதைப் போன்ற முடியில்தான். நீ யார், எந்த ஊர், என்ன ஆவணம் வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. குட்டை முடியோடு வெளியே வரும்போது ஊர் அவளை இன்னும் அழகாகப் பார்க்கிறது. மரியோவே அன்றிரவு டைபர் ஆற்றில் படகில் நடக்கும் நடனத்துக்கு அழைக்கிறான். முடியை இழந்ததற்கு அவள் எந்த விலையும் கொடுக்கவில்லை. அவளுக்கு லாபம்தான்.

மரியோவுக்கு என்ன கிடைத்தது? ஒரு நடனமும் ஒரு வேடிக்கையான சண்டையும். பிறகு அவன் கதையை விட்டுப் போய்விடுகிறான். அவன் கை இளவரசியின் விடுதலைக்கான கருவி, அவ்வளவுதான். படத்தில் ஒரு நேர்மையும் இருக்கிறது. அன்றிரவே ஆன் அரண்மனை வாழ்க்கைக்கே திரும்புகிறாள். கடைசிக் காட்சியில் பத்திரிகையாளர்கள் முன் அதே குட்டை முடியோடு, அதே அரச மிடுக்கோடு நிற்கிறாள். முடி மாறியது, வாழ்க்கை மாறவில்லை. ஆனால் ரசிகர்களின் நினைவில் தங்கியது அந்தக் கடைசிக் காட்சியின் சோகத்தைவிட, முடி வெட்டும் காட்சியின் குதூகலம்தான். பின்னாளில் வந்த எத்தனையோ கதைகள் அந்தக் குதூகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

‘அமெரிக்கானா’ இந்தக் கதையைத் தலைகீழாக்குகிறது. நாவல் தொடங்குவதே ஒரு கடையைத் தேடிப் போவதில்தான். இஃபெமெலு நைஜீரியாவிலிருந்து படிக்க வந்து பதின்மூன்று ஆண்டுகளாக அமெரிக்காவில் இருப்பவள். இனம் பற்றி எழுதிப் புகழ்பெற்றவள். உலகப் பெயர் பெற்ற பல்கலைக்கழகம் இருக்கும் பிரின்ஸ்டன் நகரத்தில் வசிக்கிறாள். அங்கே எல்லாம் கிடைக்கும், அவள் தலைமுடியைப் பின்னிவிட ஓர் இடம் மட்டும் கிடையாது. அதற்காக ரயிலேறி ட்ரென்டன் போகிறாள். மெத்தப் படித்த, பணக்கார ஊரில் ஒரு பெண்ணின் தலைக்கு இடமில்லை என்ற ஒரே தகவலை வைத்து, அந்த ஊர் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை அடிச்சி சொல்லிவிடுகிறார்.

நாற்காலி மறுக்கப்படும் காட்சி நாவலில் வெளிப்படையாகவே வருகிறது. புருவம் திருத்திக்கொள்ளப் போன இடத்தில், சுருள் முடிக்கு நாங்கள் செய்வதில்லை என்று இஃபெமெலுவைத் திருப்பி அனுப்புகிறார்கள். அவளுடைய வெள்ளைக்காரக் காதலன் கர்ட் உள்ளே போய்ச் சத்தம் போட்ட பிறகு, அதே கடையில் சிரிப்பும் உபசரிப்பும் பிறக்கின்றன. ஆனுக்குக் கேட்காமலேயே கிடைத்த நாற்காலி, இவளுக்கு ஒரு வெள்ளை ஆணின் சிபாரிசில் கிடைக்கிறது. இப்படிக் கிடைக்கும் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியுமா?

இஃபெமெலு முடியை வெட்டிக்கொள்கிற காட்சிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பது இன்னும் முக்கியம். படிப்பு முடியும் தருவாயில் அவளுக்கு பால்டிமோரில் ஒரு வேலை நேர்காணல் வருகிறது. பின்னலை எடுத்துவிட்டு முடியை நேராக்கிக்கொண்டு போ என்று வேலை ஆலோசகர் அறிவுரை சொல்கிறார். இதற்கு முன்பே, மருத்துவராகத் தேர்வான அவளுடைய உஜு அத்தையும் நேர்காணலுக்காகப் பின்னலை அவிழ்த்திருக்கிறாள். பின்னலோடு போனால் தொழில் தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்பது அத்தை கற்றுக்கொண்ட பாடம். அப்போது அதைக் கேலி செய்த இஃபெமெலு இப்போது அதையே செய்கிறாள். முடியை நேராக்கும் ரசாயனக் களிம்பு அவள் தலைத்தோலை எரிக்கிறது. அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு அது சின்ன எரிச்சல்தான், முடி அழகாக வந்திருக்கிறதே என்கிறாள். வேலை கிடைக்கிறது. புண்ணும் மிஞ்சுகிறது. பிறகு முடி கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கும்போதுதான், கென்யத் தோழி வம்புயி வெட்டிவிடு என்கிறாள். தானே வெட்டியும் விடுகிறாள். இரண்டு அங்குலம் மிஞ்சுகிறது.

ஆனின் கத்தரி ஆசையில் பிறந்தது என்றால், இஃபெமெலுவின் கத்தரி காயத்தில் பிறந்தது. வெட்டிய பிறகும் அவளுக்குக் குதூகலம் இல்லை. கண்ணாடியில் தன்னைப் பார்க்கச் சகிக்காமல் உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலைக்குப் போகாமல் இருக்கிறாள். போன பிறகு கேள்விகள் வருகின்றன. இதற்கு ஏதாவது அரசியல் அர்த்தம் உண்டா என்று ஒருத்தி கேட்கிறாள். நீ பெண்களை விரும்புகிறவளா என்று இன்னொருத்தி கேட்கிறாள். குட்டை முடி ஓர் ஐரோப்பிய இளவரசியின் தலையில் இருந்தால் பாணி. கறுப்பினப் பெண்ணின் தலையில் இருந்தால் அறிக்கை, அல்லது குற்றம். தன் முடியை அவள் நேசிக்கத் தொடங்குவதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. தன்னைப் போன்ற முடியுள்ள பெண்கள் இணையத்தில் கூடிப் பேசிக்கொள்ளும் ஓர் இடம் அதற்குத் துணையாக இருக்கிறது.

நாவலாசிரியர் மிகைப்படுத்துகிறாரோ என்று சந்தேகப்படுகிறவர்கள் அமெரிக்க நீதிமன்றங்களைப் பார்க்கலாம். 2010இல் அலபாமா மாநிலத்தில் வேலைக்குத் தேர்வான ஒரு கறுப்பினப் பெண்ணிடம், சடைத்திரியாக இருக்கும் முடியை வெட்டினால்தான் வேலை என்றார்கள். அவர் மறுத்தார், வேலை போயிற்று. தோல் நிறத்தை மாற்ற முடியாது, சிகை அலங்காரத்தை மாற்றலாமே, ஆகவே இது இனப் பாகுபாடு ஆகாது என்ற தர்க்கத்தில் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றிக்கொள்ளலாமே என்ற சொல்லுக்குள் எத்தனை எரிந்த தலைகள் இருக்கின்றன என்பதைத்தான் அடிச்சியின் நாவல் காட்டுகிறது. முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யும் ‘கிரௌன்’ சட்டம் முதன்முதலில் 2019இல் கலிபோர்னியாவில் வந்தது. பிரின்ஸ்டனும் ட்ரென்டனும் இருக்கும் நியூஜெர்சியிலும் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், ஒரு பள்ளி மாணவனின் சடைத்திரிகளை மல்யுத்தப் போட்டி மைதானத்தின் ஓரத்தில் வைத்து, எல்லோரும் பார்க்க வெட்டியிருந்தார்கள். வெட்டாவிட்டால் தோற்றதாக அறிவிப்போம் என்பதுதான் அவனுக்குக் கொடுக்கப்பட்ட விருப்பத் தேர்வு.

அந்தக் களிம்பின் எரிச்சலும் தலையோடு நின்றுவிடவில்லை. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்ததாக 2022இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது காரணத்தை நிரூபித்த ஆய்வு அல்ல, ஒரு தொடர்பைச் சுட்டிய ஆய்வு. இருந்தாலும் நேர்காணலுக்காகத் தலையை நேராக்கிக்கொண்டு போன பெண்கள் எதைப் பணயம் வைத்தார்கள் என்று யோசிக்க அது போதும்.

இதுவரை சொன்னது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளின் கதை. ‘அமெரிக்கானா’வின் உண்மையான துணிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. இஃபெமெலுவின் இளமைக்காலமும் காதலும் அமெரிக்க வாழ்க்கையும் அந்த ட்ரென்டன் கடையில் அவள் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு இடையிடையே சொல்லப்படுகின்றன. குளிர்சாதனம் பழுதான, புழுக்கமான கடை. தொலைக்காட்சியில் நைஜீரியப் படங்கள் ஓடுகின்றன. முடியைப் பின்னி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் அவள் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பவள் ஆயிஷா, செனகலிலிருந்து வந்தவள். ரோமின் மரியோவுக்குக் கிடைக்காத ஒன்றை அடிச்சி ஆயிஷாவுக்குக் கொடுக்கிறார். அவளுக்கென்று ஒரு தேவை இருக்கிறது.

இந்த இருவருக்கும் இடையே இருப்பது சகோதரித்துவம் என்று சொல்லிவிட முடியாது. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறாய் என்று ஆயிஷா கேட்டால், இஃபெமெலு இரண்டு ஆண்டுகளைக் கூட்டிப் பதினைந்து என்கிறாள். புலம்பெயர்ந்தவர்களிடையே ஆண்டுக் கணக்கும் ஒரு அந்தஸ்து. பிரின்ஸ்டன் என்று சொல்லும்போது ஒரு மிதப்பு. சீப்பு வலிக்கிறது என்று புகார். இடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதே கடைக்கு வந்து, உங்கள் நாட்டில் இப்படிக் கடை வைக்க முடியாதல்லவா என்று கடைக்காரி மரியாமாவிடம் கேட்கிறாள். இஃபெமெலுவுக்கு எரிச்சல் வருகிறது. நமக்கும் வருகிறது. ஆனால் அந்தப் பெண் மரியாமாவைப் பார்க்கும் பார்வையும் இஃபெமெலு ஆயிஷாவைப் பார்க்கும் பார்வையும் அவ்வளவு தூரமானவையா? வாசகி சுதாரித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

ஆயிஷாவின் தேவை எளிமையானது. அவளுக்கு இக்போ இனத்து ஆண்கள் இருவரோடு பழக்கம். இருவரில் ஒருவராவது தன்னைத் திருமணம் செய்துகொள்ள வேண்டும். இக்போக்காரியான இஃபெமெலு அவர்களிடம் பேச வேண்டும் என்று நச்சரிக்கிறாள். முதலில் இது நகைச்சுவையாகத் தோன்றுகிறது. பிறகு உண்மை வெளிவருகிறது. அவள் அப்பா இறந்தபோது அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. காகிதம் இல்லை. போனால் திரும்பி வர முடியாது. இப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கல்யாணம் ஆனால் காகிதம் கிடைக்கும், அம்மா இறந்தால் போய்ப் பார்க்கலாம். இஃபெமெலுவுக்கோ கர்ட்டின் தொடர்புகளால் கிடைத்த வேலை வழியாகக் காகிதம் கிடைத்தது. அவள் இந்தப் பின்னலைப் போட்டுக்கொள்வதே நிரந்தரமாக நைஜீரியாவுக்குத் திரும்பத்தான். கையில் இருக்கும் அமெரிக்கப் பாஸ்போர்ட், ஊர் பிடிக்காவிட்டால் மறுபடி புறப்படலாம் என்ற தெம்பைத் தருகிறது. ஒருத்தி ஊருக்குப் போக அலங்கரித்துக்கொள்கிறாள். ஊருக்கே போக முடியாத இன்னொருத்தி அவளை அலங்கரிக்கிறாள்.

ஆயிஷாவைப் போன்றவர்களின் கைத்திறனை அமெரிக்கச் சட்டம் எப்படி நடத்தியது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. பாட்டியிடமும் அம்மாவிடமும் கற்ற பின்னலைத் தொழிலாகச் செய்ய, பல மாநிலங்களில் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட அழகுக்கலைப் பயிற்சிக்குப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சியில் ரசாயனங்களும் கத்தரியும் உண்டு, ஆப்பிரிக்கப் பின்னல் பெரும்பாலும் கிடையாது. பின்னல்காரப் பெண்கள் மாநிலம் மாநிலமாகப் போராடி இதைத் தளர்த்த வைத்தார்கள். நியூஜெர்சியில் 2018இல்தான் சட்டம் மாறியது. தலையை எரிக்கும் களிம்பைப் பூசுவது படித்த தொழில், எதையும் எரிக்காத விரல் பின்னல் உரிமமற்ற குற்றம் என்பது யாருடைய அறிவை அறிவாக மதிக்கிற ஏற்பாடு?

இவ்வளவு தூரம் வந்த நாவலோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஆயிஷாவின் அழுகையைக் கேட்டு இஃபெமெலு மனம் இளகி, அந்த ஆணைச் சந்தித்துப் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். உடனே அவள் குடும்பத்தில் ஒரு பெரும் துயரச் செய்தி வந்துவிடுகிறது. கதை அங்கே திரும்புகிறது, பிறகு லேகோஸ் நகரத்துக்குப் போகிறது, பழைய காதலனிடம் போகிறது. ஆயிஷா என்ன ஆனாள், அம்மாவைப் பார்த்தாளா என்பது கதையின் கவலையாகத் திரும்பி வருவதே இல்லை. வாடிக்கையாளர் எழுந்து போனதும் நாவலும் எழுந்து போய்விடுகிறது. வாழ்க்கையில் அப்படித்தான் நடக்கிறது என்று வாதாடலாம். ஆனால் பின்னால் நிற்பவளுக்கு வாய் கொடுத்த நாவல், அவளுக்கு ஒரு முடிவையும் கொடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். மரியோவை மறந்த படத்தைவிட எவ்வளவோ முன்னேறிய இந்த நாவலும் கடைசியில் நாற்காலியில் இருப்பவளின் கதையாகவே முடிகிறது.

இதைத் தமிழ்ப் பெண்கள் தூரத்து விவகாரமாகப் படிக்க முடியாது. நம் ஊரில் ஆண்களுக்கு சலூன், பெண்களுக்கு பார்லர் என்று சொற்களே பிரிந்து கிடக்கின்றன. பெண்ணின் முடிமீது கத்தரியோ கத்தியோ பட்ட பழைய சந்தர்ப்பங்கள் வேண்டுதலும் கைம்மையும்தான். பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்ணின் தலையை மழிக்க அழைக்கப்பட்டவரின் கைக்கும் அங்கே மரியாதை இருந்ததில்லை. முடி திருத்தும் சமூகத்தின் பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள், மருத்துவம் செய்தார்கள். சாதி அவர்களைத் திண்ணைக்கு வெளியேதான் நிறுத்தியது. பெண்கள் கிராப் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னதை நாம் மேற்கோள் காட்டுகிறோம். அந்தக் கிராப்பை வெட்டும் கையைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்? நியூஜெர்சியிலோ லண்டனிலோ வாழப்போகிற நம் பெண்கள், தன் முடி பிறர் கண்ணில் என்னவாகத் தெரிகிறது என்ற கவலையோடு சேர்த்து, வெட்டுபவரைச் சின்னவராகப் பார்க்கும் பழக்கத்தையும் பெட்டியில் கொண்டுபோகிறார்கள்.

பெட்டியில் போகாமலும் நம் முடி அங்கே போகிறது. திருமலையிலும் நம் கோயில்களிலும் பெண்கள் நேர்ந்துகொண்டு இறக்கும் முடி ஏலம் விடப்படுகிறது, சென்னை வட்டாரத் தொழிற்கூடங்களில் சுத்தம் செய்து தரம் பிரிக்கப்படுகிறது, ஒட்டுமுடியாக அமெரிக்கச் சந்தைக்குப் போகிறது. கறுப்பினப் பெண்களின் முடி பற்றி கிறிஸ் ராக் எடுத்த ‘குட் ஹேர்’ என்ற 2009ஆம் ஆண்டு ஆவணப்படம் இந்தத் தடத்தைத் தேடி இந்தியா வரை வந்தது. சாமிக்கு முடி இறக்கிய பெண்ணுக்கு விற்பனையில் பங்கு கிடையாது, பெரும்பாலும் விற்பனை பற்றிய தகவலும் கிடையாது. அவளுக்கு விசா கிடைக்காத நாட்டுக்கு அவள் முடி சுங்கம் கட்டிப் போய்ச் சேர்கிறது. உட்கார்ந்திருப்பவள், நின்றுகொண்டிருப்பவள் என்ற இருவரைத் தவிர, அலமாரியில் பொட்டலமாக மூன்றாவது ஒருத்தியும் அந்தக் கடைகளில் இருக்கிறாள்.

ஆகவே அந்நிய நாட்டில் ஒரு பெண் முடி வெட்டிக்கொள்ளும் கதையைப் படிக்கும்போது, எவ்வளவு நீளம் குறைந்தது என்று பார்த்து விடுதலையை அளக்க வேண்டாம். அவள் அந்த நாற்காலியில் எதற்காக உட்கார்ந்தாள், ஆசைக்கா, வேலைக்கா, காயத்துக்கா என்று கேட்போம். எழுந்து எங்கே போக முடிந்தது என்று கேட்போம். பின்னால் நின்றவளின் கால் வலி பற்றியும், அவள் அம்மாவைப் பார்க்கப் போக முடிந்ததா என்பது பற்றியும் கேட்போம். ஆயிஷாவின் கதையை அடிச்சி முடிக்காமல் விட்டுவிட்டார். அதை நாற்காலிக்குப் பின்னாலிருந்து எழுதப்போகிறவள் யார் என்பதுதான் இனி நம் இலக்கியத்தின் முன்னால் இருக்கும் கேள்வி.